ஆறு ராத்தல் போக மீதி

பயாலஜி வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். நாங்களெல்லாம் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள். மணி அடித்ததும் தவளையும் இலையும் மேசைமேல் கிடக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும் என்று டீச்சர் ஒரு நாள் செய்து காட்டினார். அன்று சாயங்காலமே, லாரி ஓட்டிக் களைத்து வந்து சாப்பிட உட்கார்ந்த தன் அப்பாவின் தட்டில், காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சரை நாலு சொட்டு விட்டுவிட்டாள். சோற்றில் மை கொட்டினது போல ஆகிவிட்டது. அவள் அம்மா கரண்டியோடு துரத்த, வேலியைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யாகவா இருக்கும் என்று நான் கேட்டேன்.

"புத்தகத்துல இருக்கு. எங்க வீட்டுலயும் அப்படித்தானான்னு பாக்கணும்ல?" என்றாள்.

அவளை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இந்த வரியைத்தான் சொல்வேன். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு விதி தன் வீட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்குப் பயாலஜியே பிடிக்காது. சரித்திர வகுப்பில் இடமில்லை என்று என்னை இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடிவந்து சண்டைக்கு நிற்பாள். நல்ல தமிழ்ப் பெயர்தான். ஆனால் அது கோயில் அர்ச்சனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் பயன்பட்டது. வீட்டில் பாப்பா. மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் மற்றவர்களுக்குச் சீனப்பாப்பா. பிறப்பால் அவள் சீனப்பெண். வெளேரென்ற நிறம், சடைக்கு அடங்காமல் வழுக்கும் முடி, சிரித்தால் காணாமல் போகிற கண்கள். அந்த முடியை எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, சாந்துப் பொட்டு வைத்து, எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகத் தமிழ் பேசுவாள். மார்க்கெட்டில் சீன மீன்காரர் அவள் முகத்தைப் பார்த்துத் தன் பாஷையில் விலை சொல்ல ஆரம்பித்தால், மலாயில் சொல்லும்படி கேட்டுக்கொள்வாள். சீனத்தில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அவள் இந்த வீட்டுக்கு வந்தது, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில். அவள் அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது போன சில நாளில், புக்கிட் ரம்பாய் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனக் குடும்பம், ஏற்கெனவே வீடு நிறையப் பெண்கள் இருக்க இன்னொன்றாகப் பிறந்த இவளைக் கொடுத்துவிட்டது. பஞ்சம், பயம் எல்லாம்தான். அப்போது மலாயாவில் இது அதிசயமில்லை. தமிழ் வீடுகளில் இப்படி வளர்ந்த சீனப் பெண்கள் ஊருக்கு நாலுபேர் இருந்தார்கள். பால் கட்டிக்கொண்டு வலியில் கிடந்த அம்மா, குழந்தையை வாங்கின கையோடு மடியில் போட்டுக்கொண்டாராம். சண்டையெல்லாம் முடிந்து சில வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். அவளை எடுத்த ராசி என்று எல்லோரும் சொன்னார்கள். அவளைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

அவர்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். மலாய் பேசுவார்கள், கபாயாச் சட்டை போடுவார்கள், விடிந்ததும் பிள்ளையாருக்கு ஊதுவத்தி ஏற்றுவார்கள். அவர்கள் வீட்டிலேயே அக்கா ஒரு நிறம், தம்பி ஒரு நிறம், ஆளுக்கொரு கண், ஆளுக்கொரு மூக்கு. அதனாலோ என்னவோ, நாங்கள் மாச்சிக் என்று மலாயில் அத்தை முறை சொல்லிக் கூப்பிட்ட அந்த வீட்டு அம்மாள் அவளை ஒருநாளும் வேறாகப் பார்த்ததில்லை. வேறாகப் பார்த்தது தமிழர்களாகிய நாங்கள்தான். அதுவும் பாசத்தோடு பார்த்தோம். அது இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

தமிழ் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு ஒரு கேலி உண்டு. உன்னை நான் பெறவே இல்லை, வாசலில் வந்தவளிடம் தவிட்டைக் கொடுத்து வாங்கினேன் என்பார்கள். தேங்காய் துருவச் சொல்லி நான் துருவாமல் கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் அம்மா இதைச் சொல்வார். அப்படியானால் தவிட்டைத் திருப்பி வாங்கிக்கொள் என்று நானும் தலையைத் தூக்காமலே பதில் சொல்வேன். அவள் வீட்டில் மட்டும் அந்தக் கேலி கிடையாது. தம்பியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என் அம்மாவும் வாயை மூடிக்கொள்வார். ஒருமுறை பழக்கதோஷத்தில் பாதி சொல்லிவிட்டு, மீதியை இருமலாக்கினார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரிக்கிற ஒன்றை அவளுக்காக ஊரே விழுங்கிக்கொண்டது. அது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, அவளுக்கு உறைத்திருந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்ததற்கு அடுத்த வருஷம் நாங்கள் ஐந்தாம் பாரத்தில் இருந்தோம். பயாலஜி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி, கொஞ்சம் மறதி. பரம்பரைப் பாடம் வந்தபோது நாக்கை நீட்டி இரண்டு ஓரத்தையும் மேலே மடித்துக் குழல் மாதிரி ஆக்கிக்காட்டினார். சிலருக்கு இது வரும், சிலருக்கு வராது, அப்பா அம்மா இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கும் வராது என்று படம் போட்டு விளக்கினார். வகுப்பு முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எனக்கு வந்தது, அவளுக்கும் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் மணி அடித்துவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் அடுத்த நாள் தலைவலி என்று படுத்திருப்பார்கள். இவள் எழுந்து நின்றாள். அம்மாவுக்கு வராது, அப்பாவுக்கு வராது, தம்பிக்கு வராது, எனக்கு வரும் என்று, கடைக்காரர் சாமான் கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கரும்பலகையில் சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முந்தின நாள் சாயங்காலமே விஷயம் தெரியும். உப்பு வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா கண்ணாடிமுன் உட்கார்ந்து நாக்கை நீட்டி, இரண்டு விரலால் ஓரங்களை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்ததும் நாக்கு விரிந்துவிட்டது. என்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, "நீ எப்படிடி மடக்குற? கொஞ்சம் காட்டு" என்றார். காட்டினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறம் பல வாரம் அவர் யாரும் பார்க்காத நேரத்தில் பழகிக்கொண்டிருந்தார். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து பழகுவதை நானே வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்த அம்மாளுக்கு, மகள் எதைத் தேடுகிறாள் என்பது மட்டும் எழுத்துக்கூட்டாமலே தெரிந்திருந்தது.

வகுப்பில் நாக்குக் கணக்குச் சொன்ன அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவள் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். நானும் தள்ளினேன். பாதி வழியில், தன் உடம்பில் இருக்கும் செல்லெல்லாம் எதிலிருந்து வந்தது என்று என்னைக் கேட்டாள். எல்லோருக்கும் போல அப்பா அம்மாவிடமிருந்துதான் என்றேன்.

"அது மொதல்ல ஒரு செல்லு. அதுலேருந்து பெருகி, பொறக்குறப்ப ஆறு ராத்தல் இருந்தேனாம். தோட்டத்துல காய் நிறுக்கிற தராசுல வச்சுப் பாத்தாங்களாம். அந்த ஆறு ராத்தல் அவங்களோடது, நான் இல்லேங்கல. ஆனா இப்ப நான் இருக்கிற இருப்புக்கு அது போக மீதி எங்கேருந்து வந்துச்சு? எங்கம்மா பாலு, எங்கம்மா போட்ட சோறு. செல்லு பெருகுறதுக்குச் சாப்பாடு வேணும்னு டீச்சர்தானே சொன்னாங்க?"

ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு, கருவாடு, ரசம், கங்கோங் கீரை என்று தன் உடம்புக்குள் போன எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளோடு வாதாட முடியாது. பாடப்படி பார்த்தால் சரியாகவும் இருந்தது. பரவாயில்லை, அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து நான் நிம்மதியாகச் சைக்கிளில் ஏறினேன். முடிவுக்கு வந்தவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். அவள் சொன்னாள். நகம் வெட்டும்போது சொன்னாள். தலைமுடி நுனி வெட்டும்போது, இது போன வருஷத்துச் சோறு என்றாள். ஆறு ராத்தல் அவளை விடவில்லை.

அவள் அப்பாவின் அக்கா சிரம்பானிலிருந்து அவ்வப்போது வந்து தங்குவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். முறுக்குச் சுட்டு டின்னில் கொண்டுவந்து எனக்கும் கொடுப்பார். ஆனால் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது தம்பிக்குச் செய்வதை நினைக்காமல் செய்வார், அவளுக்குச் செய்வதை நினைத்து நினைத்துச் செய்வார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. எங்க பொண்ணு மாதிரியே வளந்திருக்கா என்று அவர் வந்தவர்களிடம் சொல்லும்போது, அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள்.

அந்த வருஷம் சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்த சமயத்தில் அத்தை வந்து தங்கியிருந்தபோதுதான் அவள் அம்மாவுக்கு ரத்த வாந்தி வந்தது. வெகுநாளாக வயிற்றுவலி என்று சோடா குடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். உள்ளே புண் இருந்திருக்கிறது. காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் வேலியோரமாக உட்கார்ந்துவிட்டார். மாச்சிக் போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடினோம். அவள் அப்பா ஆயர் குரோ பக்கம் மண் ஏற்றப் போயிருந்தார். அவருக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஒரு டாக்சியில் அவளும் அத்தையும் நானுமாக அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா தலை அவள் மடியில் இருந்தது. நான் ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு அதை எடுத்துவந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள், பொருந்துகிறதா என்று பார்க்கிறோம் என்று, கட்டுப் போட்டு ஊசி போடுகிற டிரெஸ்ஸர் வந்து சொன்னார். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுப்பது என்றால் உயிரையே பாதி எடுத்துவிடுவார்கள் என்று பயம். தகவல் தெரிந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னொருவருக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். அத்தைக்குத் தலை சுற்றியது. அப்பா லாரியைப் போட்டது போட்டபடி வந்து கையை நீட்டினார். அவருக்கு முன்னால் அவள் நீட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இருந்தது, அதோடு சேர்ந்து ஒரு வெளிச்சமும் இருந்தது. வீட்டில் பார்க்க வேண்டிய பாடம் கடைசியில் தன்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

அத்தை தன்னை மறந்துதான் சொன்னார். டிரெஸ்ஸரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வேணாம் தம்பி. தவுட்டுக்கு வாங்குன புள்ள ரத்தத்த ஏத்துனா, அது அந்த உடம்புக்கு ஒத்துக்குமா?"

இத்தனை வருஷம் அந்தத் தெருவே இருமி மறைத்த வார்த்தை. அவள் அப்பா சுவரைப் பார்த்தார். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

அவள்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "அத்தை, ரத்தத்துல சீனம் தமிழுன்னு கெடையாது. நாலு வகைதான் இருக்கு. அதுல எது வேணா யாருக்கு வேணா இருக்கும்" என்றாள். டிரெஸ்ஸரும் ஆமாம் என்று தலையாட்டி, அவள் விரலிலும் அப்பா விரலிலும் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் என் வளையல் பதிந்துவிட்டது. சாமியெல்லாம் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவு இல்லை. அன்று கூப்பிட்டேன். அம்மா பிழைக்க வேண்டும் என்பது ஒன்று. இவளுடைய ரத்தத்திலேயே பிழைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டைக் கேட்கக்கூடாதோ என்னவோ.

டிரெஸ்ஸர் திரும்பிவந்தார். அம்மாவுக்கு ஓ வகை, அதற்கு ஓ மட்டும்தான் சேரும், அப்பாவுடையது சேராது என்றார். அவளைப் பார்த்து, உன்னுடையதும் சேராது பிள்ளை என்றார். அத்தை ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை, ஒரு பெருமூச்சு விட்டார்.

அவள் எழுந்து மறுபடி விரலை நீட்டினாள். "இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்கும்தான் சேரவில்லை, பெற்ற பிள்ளைக்கே பல சமயம் சேராது, இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பாள். தெரிந்து என்ன செய்வது? புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது, அவள் வீட்டில்தான் இப்படி ஆகிவிட்டது.

டிரெஸ்ஸரின் கண் என் மேல் விழுந்தது. உனக்கு வயசென்ன என்றார். சண்டை முடிந்த குழப்பத்தில் பள்ளிக்கூடம் தள்ளிப்போனதில் எனக்கு வகுப்பில் எல்லோரையும்விட வயது கூட, பதினெட்டு முடிந்திருந்தது. ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். நான் சொந்தமில்லை, பக்கத்து வீடு, பிளாஸ்க் தூக்க வந்தவள் என்று சொல்லிப்பார்த்தேன். குத்தினார். எனக்கு ஓ.

கட்டிலில் படுக்கவைத்துக் கையில் ரப்பர்க் குழாயைச் செருகி, கீழே ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புட்டி நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு நர்ஸ் சொன்னார். ஒருமுறை மட்டும் அவள் குரல் கேட்டது.

"உனக்கு நாக்கும் மடங்குது, ரத்தமும் சேருது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். என் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டு, புட்டியை எடுத்துப்போன நர்ஸின் பின்னாலேயே எழுந்து போனாள்.

அம்மா பிழைத்தார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது, வெளுத்துப்போய்க் கிடந்தவர் மகளைப் பார்த்து நாக்கை நீட்டி மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அவள் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள், தோள் குலுங்கியது. நான்தான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் அவள் எழுந்து டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஒருவருக்கு ஏற்றிய ரத்தம் எவ்வளவு காலம் அவர் உடம்பில் இருக்கும்? சிவப்பணுக்களுக்கு ஆயுசு ஏறக்குறைய நாலு மாதம் என்றார் டீச்சர். பழையது போகப்போக எலும்புக்குள் புதிது உண்டாகிக்கொண்டே இருக்கும், அதற்கு இரும்புச்சத்து வேண்டும், ஈரலும் கீரையும் நல்லது என்றும் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். முகத்தில், சோற்றில் டிங்சர் விட்ட நாளின் களை வந்துவிட்டது.

அன்று அடுப்படிக்குள் போனவள்தான். அத்தை இருந்து சமைத்துப்போடுகிறேன் என்றதை மரியாதையாக மறுத்து, அவரைச் சிரம்பான் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவாள். மார்க்கெட்டில் ஆட்டு ஈரல் எந்த நாளில் புதிதாக வரும் என்று தெரிந்துவைத்திருந்தாள். மாச்சிக் வீட்டு வேலியில் மண்டிக் கிடந்த கீரையெல்லாம் மொட்டையாயிற்று. அவள் அம்மாவுக்கோ ஈரல் என்றால் குமட்டும். காரமில்லாமல், மிளகு மட்டும் தட்டிப்போட்டுச் செய்வாள். முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நகரமாட்டாள்.

என்னிடம் அந்த மாதங்களில் நடந்துகொண்டதுதான் வேடிக்கை. சம்பந்தி வீட்டாரை நடத்துவது போல ஒரு மரியாதை. வந்தால் பாய் விரிப்பாள், முதலில் எனக்குக் காப்பி. அதே சமயம் அம்மாவிடம் ஏதாவது ஒன்று பிடிக்காவிட்டால் பழி எனக்கு. ஒரு நாள் அம்மா தம்பியைக் கொஞ்சம் சத்தமாகத் திட்டிவிட்டார். அவள் என் பக்கம் திரும்பி, எங்கம்மா இப்படியெல்லாம் கத்தமாட்டாங்க, இது உன் ரத்தம் என்றாள். அம்மா திடீரென்று, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஐஸும் போட்ட செண்டோல் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்குச் செண்டோல் என்றால் உயிர் என்பது தெருவுக்கே தெரியும். "பாத்தியா? உன்னுதுதான் கேக்குது" என்றாள். ரத்தத்துக்கு நாக்கு ருசி கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைத்தாளில் எழுதுகிற முகத்தோடு சொன்னாள், அதனால்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மெர்டேக்காவுக்கு முதல் வருஷ நிறைவு வந்தது. காஜா பெராங் முழுக்கக் கொடி. வாசலில் கட்டிய கொடியை என் அப்பா தலைகீழாகக் கட்டிவிட்டார் என்று வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோது, அவள் வேலியைத் தாண்டி வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. அதில் மிளகு போட்ட ஈரல்.

"முடிஞ்சிருச்சு. நாலு மாசம் ஆச்சு. உன்னோடது இனிமே எங்கம்மா உடம்புல ஒண்ணும் கெடையாது. வெள்ளக்காரன் போன மாதிரி போயிருச்சு" என்றாள்.

என்னை விரட்டிவிட்ட மகிழ்ச்சியை என்னிடமே சொல்லி விருந்தும் வைக்கிறவள் அவள் ஒருத்திதான். நான் கோபப்பட்டது போல நடித்தேன். அவள் நடிப்பைக் கவனிக்கவில்லை. தூக்குச்சட்டியை என் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். சிரிப்புப் போய், மெதுவாகப் பேசினாள்.

"நீ குடுத்தது பெரிய உதவி, உயிர் இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா இப்ப ஓடுற ரத்தம் பூரா நான் சமச்சுப் போட்டது. எங்கம்மா சோத்துல நான் வளந்தேன். இப்ப என் சோத்துல எங்கம்மாவுக்கு ரத்தம் ஊறியிருக்கு. இதுக்கு எந்த டிரெஸ்ஸரும் விரல்ல குத்திப் பாக்கவேண்டாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் நானும் அவளோடு போனேன். அவள் அம்மா பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. அவள் தட்டில் ஈரலை எடுத்துவைத்து முன்னால் தள்ளினாள். இன்றைக்கும் இதுதானா, இன்று நல்ல நாளாச்சே என்று அம்மா முகத்தைச் சுளித்தார். நல்ல நாளில்தான் நன்றாகச் சாப்பிட வேண்டும், பேசாமல் சாப்பிடுங்கள் என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதட்டினாள். யார் தாய், யார் மகள் என்று தெரியாதவர்கள் பார்த்தால் குழம்பிப்போவார்கள்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். அலுத்துக்கொண்டு, எந்தத் தாயும் எந்த மகளிடமும் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நாலு மாசமா இந்த ஈரல வச்சு என்னப் பாடாப் படுத்துற. உன்னப் போயித் தவுட்டுக்கு வாங்குனேன் பாரு, எனக்கு நல்லா வேணும்."

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மகளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை, இருமவில்லை.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். எங்கள் வீட்டில் நான் என் அம்மாவிடம் சொல்லும் பதிலை எத்தனையோ தடவை அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்க வேண்டும். அதே ராகத்தில் வந்தது.

"அப்ப தவுட்டத் திருப்பி வாங்கிக்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்கள் காணாமல் போய், தண்ணீர் மட்டும் வழிந்தது. அப்படியே அம்மாவின் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்து, தோளில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா வெங்காயக் கையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட, கண் எரிந்து அவள் இன்னும் கத்தினாள். அம்மா தட்டை மடிக்கு இழுத்து, முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.